நாற்பதுக்கு மேல் போகாத ஸ்கூட்டி

ஜூன் 6, வெள்ளி

விட்டுவிட்டு மழை. ஸ்கூட்டி வந்துவிட்டது. நீலம். பிள்ளையார் கோவிலில் பூசை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், நெற்றியில் வைப்பதுபோல் முன்விளக்கில் சந்தனம்.

விற்றவர் சொன்னவை: முதல் ஐந்நூறு கிலோமீற்றர் வரை நாற்பதுக்கு மேல் கூடாது. ஏற்றத்தில் முறுக்கக் கூடாது. பின்னால் பாரம் வேண்டாம். "புது எஞ்சின் பச்சை உடம்புக்காரி மாதிரி முதலாளி, பதனமா பார்த்துக்கங்க."

கமலா பக்கத்தில்தான் நின்றாள். "பாரம்னா யாருங்க, நானா?"

பக்கக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் கற்றது அது ஒன்றுதான்.

ஜூன் 8, ஞாயிறு

என் மளிகைக் கடை பூட்டு. புளத்கொகுபிட்டிய வரை போய்வந்தேன். முப்பத்தெட்டு. என்னை முந்தியவை: தேயிலைக் கொழுந்து லொறி, இரண்டு பஸ், கோழி ஏற்றிய வேன், சைக்கிளில் ஒரு பிக்கு. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது பாணும் மீன் வைத்த பனிஸும் விற்கும் பேக்கரி ஆட்டோ எனக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ரோட்டு அகலம் அவ்வளவுதான். அது பாட்டுப் போட, வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது நான். ஒரு அம்மா என்னையே மறித்து, "மாலு பனிஸ் இருக்கா?" என்றார்.

பொழுதுபட கமலா, "நானும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கவா?" என்றாள். "உனக்கு சைக்கிளே வராது" என்றேன். கடைக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் குசும் அப்போது வீட்டுக்கு வந்திருந்தாள். அப்படிச் சிரித்தாள். எதற்கென்று புரியவில்லை.

மறக்காமல்: கடைக்குக் கருவாடு, நெருப்புப்பெட்டி.

ஜூன் 11, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலை நல்ல மழை. சேறு படும் என்று ஸ்கூட்டியை வீட்டில் விட்டு நடந்தே கடைக்குப் போனேன். மத்தியானம் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கையில் ஒரு சத்தம். தெரிந்த எஞ்சின், தெரியாத வேகம். நிமிர்வதற்குள் கடை வாசலைத் தாண்டிவிட்டது. என் ஸ்கூட்டி. என் ஹெல்மெட். என் மழைக்கோட்டு. ஓட்டுபவன் முதுகோடு பின்னால் யாரையோ கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சீலையால் சேர்த்துக் கட்டியிருந்தது.

"கள்ளன்! கள்ளன்!"

கடைக்கு எதிரே நின்ற நிமாலின் ஆட்டோவில் பாய்ந்து ஏறினேன். துரத்தினோம். வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்: "நாற்பது! நாற்பதுக்கு மேல போகாதே! எஞ்சின் போயிரும்!"

நிமால் சிங்கள ஆள், தமிழ் தண்ணிபட்ட பாடு. திரும்பிப் பார்த்தான். "முதலாளி, கள்ளனுக்கு ஸ்பீட் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

ஆஸ்பத்திரிக்குள் திரும்பியது ஸ்கூட்டி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு நின்றது. ஓடிப்போய் எஞ்சினைத் தொட்டேன். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு கமலா.

"நீயா? உனக்கு எப்படி..."

"குசும் பழக்கிவிட்டா. நீங்க கடைக்குப் போன பொறகு, அவ ஸ்கூட்டியில."

விஷயம்: மலையில் குளவிக்கூடு கலைந்துவிட்டது. கொழுந்து பறித்தவர்கள் சிதறி ஓட, தோட்டத்து மேல்லய வரிசை வீட்டுச் செல்லம்மா குளவி கொட்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்திருக்கிறாள். தோட்டத்து லொறி ஃபேக்டரியில். வீட்டுப் பக்கம் ஆட்டோ ஒன்றும் இல்லை. மற்றவர்கள் தூக்கி உட்காரவைத்து, அவள் படங்காலேயே கமலாவோடு கட்டிவிட்டார்கள்.

இவ்வளவையும் கேட்டபின் நான் கேட்டது: "எத்தனையில வந்தே?"

கமலா என்னைப் பார்த்தாள். "செல்லம்மாவுக்கு மூச்சே வரலைங்க. நான் மீட்டரையா பாத்துக்கிட்டு இருப்பேன்?"

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தப்பியிருக்க மாட்டாள் என்றார் டாக்டர். உள்ளே போய்ப் பார்த்தேன். முகம் வீங்கி, கண்ணும் மூக்கும் இருந்த இடம் தெரியவில்லை. என் குரல் கேட்டதும் உதட்டை மெல்ல அசைத்தாள்.

"அண்ணே... வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"



ஜூன் 12, வியாழன்

மனம் கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். காது வைத்துக் கேட்டார், ஒயில் பார்த்தார். "ஒரு குறையும் இல்லை. ஏத்தம் எறக்கம் எல்லாம் பதமா ஓட்டியிருக்காங்க. யாரு?"

"நான்தான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

வீட்டில் கமலாவைப் பார்க்க ஒரே கூட்டம். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தது நான். சீனி கூடிவிட்டதாம்.

ஜூன் 14, சனி

வெயில்! செல்லம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அழைத்துவர இருவரும் கிளம்பினோம். சாவி என் கையில். கமலா கையை நீட்டினாள். கொடுத்தேன்.

முதல்தடவையாகப் பின்னால். வளைவில் அவள் ஒருபக்கம் சாய, நான் மறுபக்கம் சாய, வண்டி ஆடியது.

"சும்மா உக்காருங்க. பஸ்ஸுல போற மாதிரி நெனைச்சுக்கங்க."

அப்படியே நினைத்துக்கொண்டேன். பயம் போகவில்லை. ஆனால் நன்றாகத்தான் ஓட்டுகிறாள். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

செல்லம்மாவுக்குக் கண் திறந்திருக்கிறது. கால் வீக்கம் வற்றவில்லை, பஸ் ஏற முடியாது. என் ஹெல்மெட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டேன். புருவம்வரை இறங்கியது. கமலாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். போய்விட்டார்கள்.

பஸ் தரிப்பிடத்தில் வெற்றிலை விற்கும் பெரியவர் வளைவுவரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய ஸ்கூட்டி என்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே" என்றேன். என்னுடையது.

அவர் தலையாட்டி வெற்றிலையை அடுக்கத் தொடங்கினார். எனக்குச் சரிப்படவில்லை. கிட்டப் போய்த் திருத்தினேன்.

"மகே நோனாகே." என் மனைவியுடையது.

பஸ் வந்தது. நிற்கத்தான் இடம்.