பாலாற்றைப் பார்த்து வந்த மாணவி

அனுப்புநர்:
வ. கோவிந்தன்,
சுரங்க டைம்கீப்பர்,
கோலார் தங்கவயல்.

பெறுநர்:
பாடசாலைகளின் இன்ஸ்பெக்டர் அவர்கள்,
கோலார் டிஸ்டிரிக்ட்,
மைசூர் சமஸ்தானம்.

பொருள்: பாடசாலை நடக்கும் நாட்களில் திருவிழாவுக்கு ஊர் சென்றதால் பெயர் நீக்கப்பட்ட என் மகள் தாயம்மாவை, தாங்கள் ஆடி மாதம் நடத்தவிருக்கும் பரீட்சைக்கு முன் மீண்டும் சேர்க்க உத்தரவு வேண்டுவது.

கனம் பொருந்திய ஐயா,

1. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் பெயரை ஷாப்ட் என்னும் இறங்குகுழியின் வாயிலில் உட்கார்ந்து எழுதுவது என் உத்தியோகம். இறங்கியவர் ஏறி வந்து முகம் காட்டும்வரை அவர் பெயரை நான் அடிக்கக் கூடாது. ஆகையால் ஒரு பெயரை அடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் இதை எழுதத் துணிகிறேன்.

2. தாயம்மாவுக்கு வயது பத்து. சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைன் பாடசாலையில் நான்காம் வகுப்பு வாசித்து வந்தாள். பரீட்சையில் தேறினால் ராபர்ட்சன்பேட்டையில் மேல்வகுப்பில் சேர்ப்பதாக எண்ணம். இதற்கிடையில் என் அக்காள் தன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லி இதுவரை தள்ளி வைத்திருக்கிறேன். பரீட்சையே இல்லையென்று ஆனால் அக்காளிடம் சொல்ல எனக்கு வேறு காரணம் இல்லை.

3. சென்ற வைகாசியில் குடியாத்தத்துப் பக்கம் பாலாற்றங்கரையில் உள்ள என் மனைவியின் ஊரில் கெங்கையம்மன் திருவிழா நடந்தது. எங்கள் பாடசாலைக்குத் தசராவுக்கு விடுமுறை உண்டு, கிறிஸ்துமஸுக்கு உண்டு, சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கும் உண்டு. கெங்கையம்மன் மட்டும் எல்லைக்கு அந்தப்புறம், சென்னை ராஜதானியில் குடியிருப்பவள். அவளை மைசூர் சமஸ்தானத்துப் பாடசாலை அறியாமல் இருப்பதில் நியாயம் உண்டு. சித்திரையில் கோடை விடுமுறை விட்டார்களே, அப்போது போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சித்திரையில் அம்மனுக்கும் திருவிழா இல்லை, எனக்கும் லீவு இல்லை. சுரங்கத்தில் எந்த கேங்குக்கு எப்போது லீவு வருகிறதோ அப்போதுதான் அந்த கேங்கின் குடும்பங்கள் ஊரைப் பார்க்கின்றன. இம்முறை பல வருஷங்கழித்து இரண்டும் ஒன்றாக வாய்த்தன.

4. தலைமை உபாத்தியாயர் திரு. ஜெயகரன் அவர்களிடம் முன்கூட்டியே சென்று கேட்டோம். சாவு ஏதேனும் உண்டா என்று விசாரித்தார். சாவுக்குப் போவதானால் விதியில் இடம் இருக்கிறதாம். எங்கள் உறவினர் எவரும் அந்த உதவியைச் செய்திருக்கவில்லை. சந்தோஷமாக இருந்துவிட்டு வரப்போகிறோம் என்ற உண்மையைச் சொன்னோம். அதற்கு விதியில் இடம் இல்லை. என் மனைவி கங்கம்மா அப்போது, "இன்னாங்க வாத்தியாரே, செத்தா லீவு, சிரிச்சா பேரை அடிக்கிறதா?" என்று கேட்டது உண்மை. அதற்காக அவள் சார்பில் வருந்துகிறேன். கேள்விக்காக அல்ல, குரலுக்காக.

5. உரிய அதிகாரியின் கையெழுத்து வாங்கி வந்தால் யோசிப்பதாக உபாத்தியாயர் சொன்னார். அவர் குறிப்பிட்டது தங்களை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுரங்கத்தில் பிழைக்கும் எனக்கு உரிய அதிகாரி என்றால் எங்கள் ஷிப்டை மேற்பார்க்கும் வெள்ளைக்கார கேப்டன் துரை ஒருவர்தான். ஓடிப்போய் அவரிடமே கையெழுத்து வாங்கி வந்துவிட்டேன். துரை நல்லவர், என் லீவுச் சீட்டிலேயே, என் பெயருக்குக் கீழே, தாயம்மாவின் பெயரையும் எழுதித் தந்தார். தொழில் என்ற இடத்தில் எழுத வேறொன்றும் தோன்றாமல் "நிலத்தடி வேலை" என்று போட்டார். உபாத்தியாயர் அதை இரண்டு முறை படித்தார். கேப்டன் துரையின் அதிகாரம் பூமிக்குக் கீழே என்றும், பாடசாலை பூமிக்கு மேலே இருக்கிறது என்றும் விளக்கினார். மறுக்க முடியவில்லை. ஆனால் கங்கம்மா அதற்குள் மூட்டை கட்டிவிட்டாள். பங்காருபேட்டையில் ரயில் ஏறினோம்.

6. திரும்பி வந்தபோது அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அடுத்த வருஷம் புதிதாகச் சேரலாம் என்றார்கள். அத்துடன் இன்னொரு குற்றமும் சேர்ந்துகொண்டது. செய்தி தெரியாமல் முதல்நாள் தாயம்மா வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அன்று பூகோளப் பாடம். பாலாறு மைசூர் சீமையில் பிறந்து கிழக்கே ஓடிக் கடலில் கலக்கிறது என்று உபாத்தியாயர் சொல்ல, இவள் எழுந்து, "ஓடல ஐயா, படுத்துக்கினு கீது. மணல நோண்டனாதான் தண்ணி வருது" என்றாளாம். வகுப்பு முழுவதும் சிரித்ததாம். நீக்கப்பட்ட மாணவி நடத்தப்படும் பாடத்தைத் திருத்துவதற்கு விதியில் இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவள் சொன்னது சரி. அந்த மணலில் ஊற்று நோண்டிக் குடித்தவள் அவள். திருவிழாவில் ராட்டினம் ஏறியதும் பொரிகடலை தின்றதும் போக, சர்க்கார் செலவில்லாமல் இவ்வளவு பூகோளமும் கற்று வந்திருக்கிறாள்.

7. உபாத்தியாயரின் மேல் நான் புகார் சொல்வதாகத் தாங்கள் கொள்ள வேண்டாம். லைனில் பாதிப் பேர் திருவிழாவுக்குப் போயிருந்த அந்த வாரம், நான்காம் வகுப்பில் மீந்திருந்த சகாயம் என்ற ஒரே மாணவனுக்கு அவர் ஒரு பாடமும் குறைக்காமல் நடத்தியிருக்கிறார். சகாயம் இன்னும் தெளியவில்லை. மற்றப் பிள்ளைகளின் வீட்டார் சாவு என்று சொல்லிப் போனதால் அவர்கள் பெயர் தப்பியது. தாயம்மாவுக்கு எழுத்துக் கற்பித்தவரும் அவரே. தான் அடித்த பெயரைத் தானே எழுத அவருக்கு அதிகாரம் இல்லையாம். அது தங்களுக்கு மட்டுமே உண்டாம்.

8. இப்போதைய நிலைமையையும் தெரிவிக்கிறேன். தாயம்மா தினமும் சிலேட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாடசாலைச் சன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்காருகிறாள். அவளை உள்ளே விட உபாத்தியாயருக்கு விதி இல்லை. விரட்டுவதற்கும் ஒரு விதி இருக்கக்கூடும். அவர் இன்னும் அதைத் தேடவில்லை. அதற்கு மாறாகச் சன்னலோரம் நின்று, முன்னைவிட உரத்த குரலில் பாடம் நடத்துகிறார். புங்கமரம்வரை ஒவ்வொரு சொல்லும் கேட்பதாகத் தாயம்மா சொல்கிறாள். சென்ற வாரம் பாலாற்றுப் பாடத்தை மறுபடி எடுத்து, "மழைக்காலத்தில்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டாராம்.

ஆகவே, லைனில் பாதிப் பேர் ஊர் போகும் அந்த வாரத்தை வருங்காலத்தில் விடுமுறையாக்குவது பற்றித் தாங்கள் ஓய்வாக யோசிக்கலாம். தாயம்மாவின் பெயரை மீண்டும் எழுதும் உத்தரவை மட்டும் சற்று விரைவாக அனுப்பி உதவ வேண்டுகிறேன். நேற்று முதல் உபாத்தியாயருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

இடம்: கோலார் தங்கவயல்
தேதி: 1904 ஜூன் 20

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
வ. கோவிந்தன்
(கையொப்பம்)