விடுதிக்காரி பேசி முடிக்கும்வரை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? என் போன் எப்போதும் அணைந்தே கிடக்கிறது என்று நீ திட்டி அனுப்பியிருந்ததை நேற்றுதான் பார்த்தேன். புதுக் கணினி ஆட்டம் வெளிவரும்வரை போனை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் எங்களை உள்ளே விடுகிறார்கள், வெளியே வர நள்ளிரவாகிறது. ரகசியம் கசிந்துவிடக்கூடாதாம். அதனால் பழையபடி கடிதம்.

விஷயம் இதுதான். 'நெடுவழி' முதல் பாகத்தை, சலவைக்கடை மாடியில் உட்கார்ந்து நீயும் நானும் செய்தோமே, அதையே புதிதாகச் செய்து ஏப்ரல் கடைசியில் வெளியிடுகிறோம். எட்டுப் பாகம் வந்தாயிற்று, இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது, இன்னும் ஆடுகிறவர்கள் எழுதிக் கேட்பது ஒருத்தியைத்தான். விடுதிக்காரி. வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற வீரனை வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுவாளே, அவள். அம்மா பேசுவதை அப்படியே நோட்டில் பிடித்து நீ எழுதிய நாற்பத்து நான்கு வரி.

இந்தத் தடவை அவள் குரலோடு பேசவேண்டும். பதினோரு நடிகைகளைப் பேசவைத்துப் பார்த்தோம். எல்லாருக்கும் அழத் தெரிகிறது, கொஞ்சத் தெரிகிறது, ஒருத்திக்குக்கூடத் திட்டத் தெரியவில்லை. அம்மாவே பேசினால் என்ன என்று தோன்றியது. நீ கேட்டுப் பாரேன். நான் கேட்டால், "உனக்கு வேற வேலை இல்லையா" என்பாள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அது இருமல் இல்லை. குரல்வளையில் கட்டி. மூன்று மாதமாகக் குரல் கம்மிக்கொண்டே வந்தது, போன மாதக் கடைசியில் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 2 அறுவை சிகிச்சை. "உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, ஆனா குரல்வளைய எடுத்துட்டா அப்புறம் பேச முடியாது" என்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "இனிமே உனக்கு நிம்மதிதான்" என்றாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது நான்.

இதையெல்லாம் போனில் சொல்லத்தான் உன்னைப் பத்து நாள் துரத்தினேன். பேச்சு இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவள் வாய்விட்டுக் கேட்கமாட்டாள், நான் கேட்கிறேன்.

விடுதிக்காரியைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு வயிறு எரிகிறது. முதல் பாகத்தில் அவளுக்கு முகம்கூட இல்லை, கொண்டைக்கு நீ வைத்த நாலு புள்ளிதான். கணினியில் இடம் போதாது என்று ஒரு வரிக்கு முப்பத்தாறு எழுத்துக்கு மேல் கூடாது என்றாய். அம்மாவின் பாதித் திட்டை அன்றைக்கே வெட்டியவன் நீதான். அப்புறம், அவள் பேசும்போது பொத்தானை அழுத்தினால் பேச்சு நிற்கவேண்டும் என்பதை எழுத மறந்துபோனாய். பேசி முடிக்கும்வரை வீரன் நகர முடியாது. கடை கடையாக வட்டுகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தாய், தலையில் கைவைத்து உட்கார்ந்தாய். "அம்மா அப்படித்தானேடா, விடு" என்று சொன்னேன். ஆடினவர்களுக்கு அதுதான் பிடித்தது.

பிறகு என்ன ஆயிற்று? மூன்றாம் பாகத்தில் முகம் கொடுத்தீர்கள், சரி. நாலாம் பாகத்தோடு நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டேன். ஐந்தில் யாரோ ஒருத்தியின் குரல், கூடவே தாண்டிப்போக ஒரு பொத்தான். ஆறில் அவளுக்கு இருபது வயது குறைந்தது, இடுப்பும் குறைந்தது. ஏழில் ஆட்டத்தைச் சேமிக்க முன்போல விடுதிக்குப் போகவேண்டாம், நின்ற இடத்திலேயே சேமித்துக்கொள்ளலாம். அவள் ஒரு மூலையில் நின்று சட்டை விற்றாள். எட்டில் அவளே இல்லை. ஒரு பலகை, அதில் 'இன்றைய வேலைகள்' என்று ஒரு பட்டியல். இப்போது திடீரென்று அம்மா வேண்டுமாம்.

நான் இப்போது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை எழுதுகிறேன். ஒருத்தரும் படிப்பதில்லை. ஆனால் ஒருத்தரும் வெட்டுவதும் இல்லை.

வருகிறாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வருகிறேன். 27ஆம் தேதி ஒலிப்பதிவுக்காரரும் உதவியாளர்களும் நம் வீட்டுக்கே வருகிறார்கள், அவர்கள் வண்டியிலேயே நானும் வருகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. குரல் போகப்போகிறது என்றால் அது எங்காவது இருக்கவேண்டாமா?

நீ சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அன்றைக்கு நீ, நான், ஒரு கணினி. இன்றைக்கு மூன்று மாடி, நானூறு பேர். பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. பேருந்தில் நின்றபடி ஆடுகிறவர்களிடம் விடுதிவரை நடந்து வா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகத்திலும் அவளுக்காக நான் சண்டை போட்டேன். எல்லாவற்றிலும் தோற்றேன். இதிலாவது ஜெயிக்கிறேன் பார்.

அம்மாவிடம் 27 என்று சொல்லிவிடு.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நீயும் வருகிறாய் என்றதும் பேச ஒத்துக்கொண்ட அம்மா, நேற்றுக் காலை ஆறு மணிக்கே தலைவாரி, நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து மணிக்கு வண்டி வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். நாலாவது ஆளும் இறங்கட்டும் என்று கதவைப் பிடித்தபடி நின்றாள். நாலாவதாக இறங்கியவர் ஓட்டுநர்.

"சார் கடைசி நேரத்துல வர முடியலம்மா" என்றார் ஒலிப்பதிவுக்காரர். நல்ல மனுஷர். அவரைக் கோபித்து என்ன பயன்?

படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள், குளிர்ப்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார்கள். சுவர்க்கடிகாரமும் நானும் சத்தம் போடுகிறோம் என்று இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்கள். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மெதுவாகப் பேசியது எதுவும் காதில் விழவில்லை, உரக்கச் சொன்னது மட்டும் வந்தது. ஒரே வரியைக் கோபமாக, செல்லமாக, அவசரமாகச் சொல்லச் சொன்னார்கள் போலிருக்கிறது. "சாப்டியா?" "சாப்டியா?" "சாப்டியா?" ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர், "இந்தக் கரகரப்பு அருமையா வந்திருக்கும்மா, நடிச்சுக் கொண்டுவர முடியாது" என்று புகழ்ந்துவிட்டுப் போனார். அம்மாவின் நோய்க்கும் ஒரு பாராட்டு கிடைத்துவிட்டது.

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. உன் விடுதிக்காரிக்கு வேண்டியதைக் கொடுத்தாயிற்று. இனி நீ வா.

அக்கா


மார்ச் 31

அக்கா,

மன்னித்துவிடு. ஆட்டத்தில் ஒரு பிழை, விடுதிக்குள் நுழைந்தால் வீரன் தரையைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்துகொண்டே இருக்கிறான். நானூறு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். வெளியீடு முடிந்த மறுநாள் கிளம்புகிறேன். சத்தியம்.

தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதலில் எழுதியது: 'கதவை ஏன் திறந்து போட்டிருக்க?' அம்மா மாறவில்லை.

மயக்கம் கொடுக்கப் போகும்வரை வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

உன் மேல் உள்ள கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா குரல் எங்காவது இருக்கிறதா என்று எல்லா இடமும் தேடினேன். பழைய கேசட்டு ஒன்று அகப்பட்டது. போட்டால் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டி நீ பதிந்துவைத்த வாள்சத்தம். அவர்கள் எடுத்துப்போன அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு பிரதி அனுப்பு. "சாப்டியா" மட்டும் இருந்தாலும் போதும்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

ஆட்டம் வெளிவந்துவிட்டது. கூட்டம் அலைமோதுகிறது. நீ வாங்கி ஆடிப்பார்ப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வெளியீட்டுக்கு முன் அறுநூறு பேரை உட்காரவைத்து ஆடச்சொல்லிப் பார்த்தார்கள். விடுதிக்காரி வாயைத் திறந்த ஒன்றரை நொடியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாண்டிப்போகும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். அவள் வேண்டும் என்று கேட்டவர்களும்தான். கேட்காத குரலுக்கு எதற்கு இடம் என்று மேலிடத்தில் தூக்கிவிட்டார்கள். இப்போது வீரன் உள்ளே போனால் ஒரு மணிச்சத்தம் கேட்கும். நான் கத்திப் பார்த்தேன். அடுத்த வாரமே என்னை வேறு மாடிக்கு மாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு விடுப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பிரதி தரமுடியாது என்கிறார்கள். பதிந்தது எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம், ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது. அந்த ஒப்பந்தத்தில் அம்மா சார்பில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். என்னால் வேறென்ன எழுதமுடியும்?

தம்பி


மே 12

தம்பிக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மணிச்சத்தம் என்ற இடத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்திருக்கிறாள்.

பிறகு சிலேட்டில், 'அவன் கேட்டானா?' என்று எழுதினாள். "வரிகளையா? கேட்டிருப்பான்மா" என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, 'நடுவுல பேசினது' என்று எழுதினாள்.

துண்டு துண்டாக எழுதியதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஒலி அளவு சரிபார்க்கவேண்டும், சும்மா ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று ஒலிப்பதிவுக்காரர் சொல்லியிருக்கிறார். இது என் பையன் காதுக்குப் போகுமா என்று அம்மா கேட்டிருக்கிறாள். "போகும்மா, அவர்தான் முதல்ல கேப்பார்" என்றாராம். அதன் பிறகு இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அவள் உன்னிடம்தான் பேசியிருக்கிறாள். நீ அன்றைக்கு வராததால், நேரில் சொல்ல வைத்திருந்ததை அதில் சொல்லியிருக்கிறாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். சிலேட்டைத் துடைத்துவிட்டு, 'உனக்கில்ல' என்று எழுதினாள்.

பிரதி வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. அதைக் கேட்டாயா?

அக்கா


மே 19

அக்கா,

கேட்கவில்லை.

வேண்டிய வரிகளை மட்டும் வெட்டி எடுத்துத்தான் என் மேசைக்கு அனுப்புவார்கள். மிச்சத்தை 'தேவையற்றது' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக்கு வைப்பார்கள். ஏப்ரல் முதல் வாரம் ஒரே நாளில் அப்படி முப்பது தாளில் கையெழுத்துப் போட்டேன். எதையும் படிக்கவில்லை. அன்று மாலையே அழித்துவிட்டார்கள்.

ஒலிப்பதிவுக்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன். "ஏதோ வீட்டு விஷயம் சார், நான் மீட்டர் முள்ளு ஆடுறதத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

அவள் பேசியதை நான் கேட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடு அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். கேட்டுவிட்டு அழுதேன் என்றும் சொல். அழுதது பொய் இல்லை.

தம்பி


மே 25

தம்பிக்கு,

சொன்னேன். எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் முகத்தைத் துணி மடிப்பதில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "எல்லாத்தையும் கேட்டானாம்மா. அழுதானாம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படித் தெளிந்து இந்த இரண்டு மாதத்தில் நான் பார்க்கவில்லை. நீ சொன்னபடி செய்தது நல்லதுதான் என்றுகூட நினைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிலேட்டை எடுத்தாள். மூன்றே சொல், ஆனால் எழுதிவிட்டு என்னிடம் காட்ட வெகுநேரம் யோசித்தாள்.

'கேட்டப்புறமுமா இன்னும் வரல?'

இதற்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்று நீ எழுதாதே. இனி எதையும் எனக்கு எழுதாதே.

அக்கா