அதே கேள்விகள், இரண்டாம் முறை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலமா என்று கேட்டால் "ம்" என்பாய். அதனால் இந்த முறை முப்பது விதமாகக் கேட்கிறேன். மனம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்க எங்கள் துறையில் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள். அது சரியாக அளக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணை வட்டமிடு. ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் எப்போதும்.

விபத்துக்குப் பிறகு நீ பஸ் ஓட்டவே போகவில்லை என்று உன் பஸ் கண்டக்டர் சொன்னார். உன்மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொன்ன பிறகும் ஏன் அண்ணா? வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
கேள்விக்குறி

மார்ச் 9

அடி கேள்விக்குறி,

சின்ன வயதில் கேள்வி கேட்டே என் உயிரை வாங்கினாய். இப்போது அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்களா? தாளை நிரப்பிவிட்டேன். 'நாளையை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்': ஒன்று. 'என் வேலையில் எனக்குப் பெருமை': ஒன்று. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைத்தானே கேட்டாய்.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, என் பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோன சைக்கிள்காரரின் மனைவி என்னிடம் வந்தாள். "உங்க மேல தப்பில்லைங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கீழ்வீட்டுத் தையல்காரர் தினம் சோற்றை வைத்துவிட்டு, நான் சாப்பிடும் வரை நகர மாட்டேன் என்கிறார். உன் ஒற்றனோ என்று சந்தேகம்.

அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

உன் தாளைப் பார்த்து அழுதுவிட்டேன். டாக்டரைப் பார். இங்கே வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன்.

இன்னொரு தாள் அனுப்புகிறேன். அதே கேள்விகள்தான், சலித்துக்கொள்ளாதே. வாழ்க்கையில் ஒன்றும் மாறாதவர் இரண்டாம் முறையும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் தர வேண்டும். தராவிட்டால் தாளில் கோளாறு. அதனால் கடைசியில் ஒரு வரி: இடையில் முக்கியமாக ஏதாவது நடந்ததா?

கேள்விக்குறி

மார்ச் 25

அன்புத் தங்கைக்கு,

இந்த முறை எல்லாவற்றுக்கும் ஐந்து. பொய்யில்லை. மனம் லேசாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். கடைசி வரிக்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். இனி டாக்டர் எதற்கு?

மீன்தொட்டியைத் தையல்காரர் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். குதிகுதியென்று குதித்தாள். கைக்கடிகாரம் கண்டக்டருக்கு, அவனுக்கு அதன்மேல் ரொம்ப நாளாக ஒரு கண். அம்மாவின் கம்மல் இந்த உறைக்குள் இருக்கிறது, பத்திரம்.

நீ படித்து ஆளானதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னதேயில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அண்ணன்

மார்ச் 28

அண்ணா,

கையெழுத்து தையல்காரருடையது, வார்த்தை என்னுடையது. நான் போனில் சொல்லச் சொல்ல எழுதி, கதவுக்கடியில் தள்ளுகிறார். நீ போனை அணைத்துவிட்டாய். கதவைத் தட்டினால் "தூங்கணும், போங்க" என்கிறாயாம்.

உன் கடிதம் காலையில் வந்தது. உன் பதில்கள் மற்றவர்களின் பதில்களோடு ஒட்டவில்லை, கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் எங்கள் பேராசிரியர். ஒன்றும் நடக்காமல் யாரும் ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போக மாட்டார்கள் அண்ணா. நீ ஏதோ முடிவு செய்திருக்கிறாய். கம்மலைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரயிலில் ஏறிவிட்டேன். மிகவும் பயமாக இருக்கிறது.

அந்த முப்பதில் இல்லாத ஒரு கேள்வி. இதைக் கேட்கப் பயந்துதான் மற்றதையெல்லாம் கேட்டேன். வட்டமிட எண் கிடையாது. செத்துப்போகணும்னு நினைக்கிறியா? ஆம், இல்லை, எதுவானாலும் எழுதி வெளியே தள்ளு. உன்மேல் கோபப்பட மாட்டேன். தையல்காரர் வாசலை விட்டு நகர மாட்டார்.

உன் தங்கை

மார்ச் 28, இதே தாளின் பின்பக்கம்

ஆம்.

இதுவரை யாரும் கேட்கவில்லை. இத்தனை நாள் வராத பயம் இப்போது வருகிறது.

தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். தையல்காரர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். என் இடது கையை மட்டும் விட மாட்டேன் என்கிறார், தாளை மடியில் வைத்து வலது கையால் எழுதுகிறேன்.

இரண்டாவது தாளைக் கிழித்துப்போடு. முதல் தாள்தான் நான். சீக்கிரம் வா.