உங்கள் வீட்டு வெள்ளைப் பெயின்ட்

அண்ணை,

இன்று கிங்ஸ்பரியில் ஒரு வீட்டுக் கதவு திறந்ததும் புதுப் பெயின்ட் மணத்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். கடைசி இரண்டு வருடமும் உங்கள் வீடு இப்படித்தான் மணந்தது.

வீட்டுச் சூடு வெளியே போகாமல் சுவர்களை அடைக்கிற இன்சுலேஷன் போடுமுன் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்புவது என் வேலை. பூமி சூடாவதைத் தடுக்கிற வேலை என்று கலியாண வீடுகளில் நான் அளந்ததெல்லாம் நீங்கள் கேட்டதுதான். உங்கள் இல்ஃபோர்ட் வீட்டுக்கும் போடுங்கள் என்று நான் சொன்னபோது, "நீ சொன்னாச் சரிதானே" என்றீர்கள்.

அன்று நான் மேலே ஏறி ஒவ்வொரு அறையாகப் பார்த்திருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் என்னோடு படுத்தெழும்பிய மனிதரின் வீட்டை அதிகாரி மாதிரிச் சோதிக்கக் கூச்சமாக இருந்தது. அக்கா சுடச்சுட வடை கொண்டுவந்து வைத்தா. இருந்த இடத்திலிருந்தே கேட்டேன்: "மேல காத்து வாற ஓட்டையள் திறந்துதானே கிடக்கு?"

"ஓம் ஓம், நீ சாப்பிடு."

எண்ணெய் விரலாலேயே படிவத்தில் எல்லா அறைக்கும் சரி போட்டேன்.

பிறகு நான் வரும்போதெல்லாம் பெயின்ட் மணந்தது. மேலே பாத்ரூமுக்குப் போகையில் பின்னறைச் சுவர் பளிச்சென்று தெரியும். "என்ன அண்ணை, திரும்பவும் பெயின்டோ?" என்றால், "பென்ஷன்காரனுக்கு வேறை என்ன வேலை?" என்று சிரிப்பீர்கள். சிரிப்பு இருமலில் முடியும். சிகரெட் பிடித்த காலத்து இருமல் என்று பகிடி பண்ணினேன்.

மாரடைப்பில் நீங்கள் போய், முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்து, தனித்துப்போன அக்கா சட்டனில் மகள் வீட்டோடு போய் இருக்கப் புறப்பட்டபோது பின்னறை அலுமாரியை நான்தான் நகர்த்தினேன். அதன் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். காற்றுத்துளைக்குள் நீங்கள் வீட்டில் உடுக்கிற பழைய சாரத்தின் துண்டு. குளிருக்கு நீங்கள் எப்போதோ அடைத்ததாம். மிச்ச இடுக்குகளையும் இன்சுலேஷன் மூடிவிட, ஈரம் வெளியேற வழியில்லாமல் போயிருக்கிறது.

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா: "நீ வாறன் எண்டு போன் பண்ணினா உடன அந்தக் கறுப்பை மறைக்கப் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு மேல போயிடுவார். 'அவன்ர வேலைக்குப் பிரச்சினை வந்திடும், ஒருத்தருக்கும் சொல்லாதை' எண்டவர்."

மாரடைப்புக்கும் அந்தச் சுவருக்கும் தொடர்பில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்த அறையில் படுத்து இருமியது நீங்கள். வடை தின்றது நான். வெட்கமாக இருக்கிறது, அண்ணை.

உங்கள் வீட்டில் மட்டும் அப்படிச் சாப்பிட்டிருந்தால் பரவாயில்லை. எங்கட ஆக்களின் வீடுகளில் பாதியை நான் மேசையிலிருந்தேதான் பார்த்திருக்கிறேன். அதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விசாரணை நடக்கிறது. அதுவரை ஒவ்வொரு வீடாகத் திரும்பிப் போகிறேன். உங்கள் சாரத் துண்டு என் பைக்குள் டார்ச்சோடு கிடக்கிறது.

கிங்ஸ்பரி வீட்டுக்கார அம்மா மலர்ந்த முகத்தோடு வரவேற்றா. "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தம்பி. இருந்து தேத்தண்ணி குடியுங்கோ."

கோப்பையை நீட்டிய விரல் நகத்தில் வெள்ளைப் பெயின்ட் இன்னும் காயவில்லை.

"பிறகு குடிக்கிறன், அம்மா" என்று சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேலே ஏறினேன்.