போவிட்டியாவா, பினரவா?

மச்சான்,

இன்று காலை பல்லேகமவில் ஏறிய ஓர் அம்மாவின் பையில் ஊதாப் பூக்களோடு ஒரு கொத்து இலை இருந்தது. டிக்கெட் கொடுக்கும் சாக்கில் ஓர் இலையைத் தடவிப் பார்த்தேன். சொரசொரவென்றிருந்தது. போவிட்டியாதான், ரோட்டோரப் புதர்களில் பூக்குமே, அது. மாத்தளை வந்து சேரும்வரை உன் நினைப்பு விடவில்லை.

நீ டிரைவர், நான் கொண்டக்டர். ஏழு வருஷம் ஒரே பஸ். கடைசி வருஷம் நீ ஒரு புதுப் பழக்கம் பிடித்தாய். மலை ஏறியதும், இன்ஜின் சூடு ஆறட்டும் என்று நிறுத்திவிட்டு, ஒரு பையோடு தனியாக இறங்கிப் போவாய். கேட்டால், "சும்மாதான் மச்சான், காலை நீட்டிட்டு வாறேன்" என்பாய். திரும்பும்போது பை உப்பியிருக்கும். அதை சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாய்.

அந்த நாட்களில்தான் மலைப் புல்வெளியில், பிடுங்கக்கூடாது என்று தடையுள்ள, ஊதாப் பூப் பூக்கும் பினரச் செடிகளை யாரோ வேரோடு பிடுங்கி விற்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஒருநாள் உன் பை வாயில் ஊதா இதழ் ஒன்று தெரிந்தது. எனக்கு அது போதும். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வனக்காவலரிடம் போய்ச் சொன்னேன்.

மறுநாள் அவர் பஸ்ஸை மறித்து, சனமெல்லாம் பார்க்க உன் பையைக் கொட்டினார். ஒரு வேர்கூட இல்லை. இலையும் சில பூக்களும்தான். நீ சத்தம் போடவில்லை. சிங்களத்தில் நிதானமாக விளக்கினாய்: பினரவின் இலை வழவழப்பானது, தண்டு நாலு பட்டை, ஈரப் புல்லுக்குள் நிற்கும், இது போவிட்டியா, ரோட்டோரத்துப் புதர், இலையெல்லாம் பூனைமயிர். அவர் தடவிப் பார்த்து உன்னை விட்டுவிட்டார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. நீ என் பக்கம் திரும்பினாய்.

"நீயும் தொட்டுப் பாரு மச்சான்."

மாத்தளையில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் சொன்னாய். "ஈரல் கெட்டுப்போச்சு. இந்த எலய அவிச்சுக் குடிக்கிறேன். டிப்போவுக்குத் தெரிஞ்சா பஸ்ஸ தர மாட்டாங்க."

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாமே?"

"நீ கேட்டிருக்கலாமே."

நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. பிறகு நீ படுக்கையில் விழுந்தாய். பார்க்க வந்த நாட்களிலும் வாய் வரவில்லை. செடிகளைப் பிடுங்கியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

உக்குவளையில் உன்னை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவுக்கு வந்தபோது உன் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க நானா ஒங்களப் பத்தி நெறயச் சொல்லிருக்காரு" என்றான், அண்ணன் உன்னைத்தான்.

என்ன சொன்னாய் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். அதில் அன்பு இருந்ததா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.