உன் ஸ்பூன் என் சட்டைப்பையில்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் வீட்டு டிவியில் ஒரு படம் பார்த்தேன். பெரிய ஓட்டல் சமையல்காரன் ஒருவன், கோபத்தாலும் குடியாலும் பெயரைக் கெடுத்துக்கொண்டு, மறுபடி தலையெடுக்கப் பார்க்கிற கதை. அகலமான வெள்ளைத் தட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சாப்பாடு. தட்டு வெளியே போகும் முன் ஸ்பூனால் தொட்டு ருசி பார்ப்பான். பிடிக்காவிட்டால் தட்டு சுவரில் போய் விழும்.

"அப்பா, உங்க சேக்காளி மாதிரியே இருக்காரு" என்றாள் மகள்.

"அவன் இவனை விட மோசம்" என்றேன். சொல்லும்போதே என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. உன் ஸ்பூன் அங்கேதான் இருக்கிறது.

நீ பட்டணத்து நட்சத்திர ஓட்டலை விட்டு ராஜபாளையம் திரும்பிய காரணம் ஊருக்கே தெரியும். உடன் வேலை பார்த்தவர் மேல் கொதிக்கிற சட்டியை வீசிவிட்டாய். அவர் கை வெந்துபோனது. அதற்குப் பிறகு யாரும் உன்னை அடுப்படியில் சேர்க்கவில்லை. மில்லுக்கு எதிரே இருந்த என் மெஸ்தான் சேர்த்தது. அதை நீ ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் போகிறது.

எனக்கு யாரும் சமையல் கற்றுத்தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றேன். குழம்பை வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கமே அப்போது என்னிடம் இல்லை. ஆவியை முகர்ந்தால் உப்பு தெரிந்துவிடும். நீயோ, மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் ஸ்பூன் வைத்திருந்தாய். முதல் நாளே அதை என் குழம்புக்குள் விட்டாய்.

"எச்சில் பண்ணாதலே!"

"கழுவித்தான்லே விடுதேன். நீ பாக்காத ருசியை அடுத்தவன் வாயில வைக்கியே, அதுக்குப் பேருதான் திமிரு."

அப்புறம் தினமும் இதே சண்டை.

கை வெந்தவர் குடும்பத்தோடு ஆண்டாள் கோவிலுக்கு வருவதாக உனக்கு ஒரு நாள் சேதி வந்தது. மதியம் நம் மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும் என்று கெஞ்சிக் கூப்பிட்டாய். மன்னிப்பு என்ற வார்த்தை உன் வாயில் வராது. சமைத்துத்தான் கேட்கத் தெரியும். மதுரைக்குப் போய் வெள்ளைத் தட்டுகள் வாங்கி வந்தாய். நட்சத்திர ஓட்டல் முறையில் ஒவ்வொரு பதார்த்தமாக, கொஞ்சம் கொஞ்சமாக வைக்கப்போவதாகச் சொன்னாய். மில் ஆட்கள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, சாமிக்குப் படையலா? நாங்க எம்புட்டு நேரம் காத்துக் கெடக்க?" என்று கேலி செய்தார்கள்.

அன்றைக்கு ஸ்பூனை நாலு தடவை வாயில் வைத்துப் பார்த்தாய். "நாக்கு காஞ்சு போச்சுலே, ருசியே தெரியல. கறிக்குழம்பை நீ பாரு" என்று ஸ்பூனை நீட்டினாய். நான் அதைத் தொடாமல், குனிந்து முகர்ந்தேன். "எல்லாம் சரியா இருக்கு."

அவர் முதல் வாய் வைத்தார். முகம் மாறாமல் விழுங்கினார். "கொஞ்சம் மோர் கிடைக்குமா?" என்றார்.

நீ ஓடி வந்து குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாய். உப்பு கரித்தது. சட்டி உன் கைக்கெட்டும் தூரத்தில், அதற்கு நேர் எதிரே நான். நீ என்னை முறைத்தாய். அவர் தன் தழும்புக் கையை மெதுவாக மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். நீ அதைப் பார்த்தாய்.

அடுப்பை அணைத்தாய். அவர் முன்னால் போய் நின்று, "உப்பு கூடிப்போச்சு. தப்பு என்னோடது. அன்னைக்கும் என்னோடதுதான்" என்றாய்.

அவர் கையை மறுபடி மேசைமேல் வைத்தார். "உக்காருங்கண்ணே. ரசம் இருக்குல்ல?"

எல்லோருக்கும் இலை போட்டு, மில் ஆட்களோடு உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டோம்.

கை கழுவும்போது ஸ்பூனை என் பையில் செருகினாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

படம் முடிந்ததும் மகள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, குழம்பைக் கொஞ்சம் பாருங்க." ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தேன். நீ கண்ணை மூடிய பிறகும் ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் பார்க்கிறேன். குழம்பு நன்றாக இருந்தது. ஸ்பூனைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

உனக்கு இது போதும் என்று நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் முகர்ந்தபோது உப்பு சரியாகத்தான் இருந்தது. அப்புறம் பதற்றத்தில் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டது நீதான்.