கைக்கு எட்டாத காப்பி

தஞ்சுங் ரெங்காஸ்,
செப்டம்பர் 3, இரவு

அன்புள்ள தாருங் அண்ணா,

சிறையில் உனக்குக் கொசுவலை கொடுத்தார்களா? நான் என் கொசுவலைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமா குறட்டை விடுகிறார். குறட்டை நின்றால் நானும் பேனாவை நிறுத்திவிடுகிறேன். எழுத்து அங்கங்கே உடைந்திருந்தால் அதுதான் காரணம். கருவாடு விற்கும் ஹாய்ரியா அக்கா கூடைக்கு அடியில் வைத்து இதைக் கொண்டு வருவாள்.

நேற்று பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, உன் சின்ன ஓடத்தை எடுத்துக்கொண்டு தனியாகக் கறுப்புத் தண்ணீர்க் கிளையாற்றுக்குப் போனேன். திட்டாதே. ஒராங்குட்டான் தாயைச் சுட்டுக் குட்டியை விற்றது நீதான் என்று மாமா உன்னைக் காட்டிக்கொடுத்த நாளிலிருந்து அங்கே போக வேண்டும் என்றே இருந்தது. நீ சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போய்க் காட்டிய ஒராங்குட்டான்களில் எது மிச்சம் என்று பார்க்க.

கிளம்பும்போது ஹாய்ரியா அக்கா கரையிலிருந்து, "ஏய் லமியாங், காப்பி குடிச்சிட்டுப் போடி!" என்று கத்தினாள். குடிக்கக் கூப்பிட்ட காப்பியை விரலாலாவது தொடாமல் போனால் வழியில் முதலையோ பாம்போ கடிப்பது நிச்சயம். திரும்பி வந்து தம்ளர் விளிம்பைத் தொட்டு விரலை நக்கிவிட்டுப் போனேன். "மாமனுக்கு ஏத்த மருமக!" என்று சிரித்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தொடவில்லை என்று மாமா ஒரு தடவை பாதி ஆற்றிலிருந்து படகைத் திருப்பினாரே, அதைச் சொல்லித்தான்.

துடுப்பின் சத்தமே எனக்குப் பயமாக இருந்தது. முதலில் கிளை முறிந்தது கேட்டது. அப்புறம் பார்த்தேன் அண்ணா. அத்திமரத்தில் ஒரு தாய், காது நுனி கிழிந்தவள். வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கிளையை ஒடித்து என் தலையைக் குறிபார்த்து எறிந்தாள். ஒரு சாண் தள்ளித் தண்ணீரில் விழுந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த மரத்தின் வேரிடுக்கில் ஒரு பிரம்புக் கூண்டு. கோழிக்கு என்று சொல்லி மாமா நம் அடுப்படியில் உட்கார்ந்து முடைந்தது. மூடியில் நீல நைலான் கயிறு. அந்தக் கயிற்றை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அவர் மறுபடியும் குட்டி பிடிக்கப் போகப்போகிறார். அந்தக் கூண்டு நிறைந்து வரும் நாளில் அவரை விடமாட்டேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் விடமாட்டேன்.

உன் தங்கை,
லமியாங்

---

செப்டம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கருவாட்டு வாசத்தோடு வந்தது. அறையில் நாலு பேர், "எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க, எடு!" என்று என் பையைக் குடைந்துவிட்டார்கள். கொசுவலை இல்லை. பழகிவிட்டது.

கிழிந்த காது என்றால் அவள் இண்டு. அவள் தாயின் முதுகில் சவாரி செய்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். எல்லோர் மீதும் கிளை எறிவாள். என் மீது மட்டும் சின்னக் கிளை.

சொல்வதைக் கேள். நாளைக்கே ஹாய்ரியா அக்காவோடு போ. தகரத்தைத் தட்டி, கத்தி, இண்டுவை உள்காட்டுக்குத் துரத்திவிடு. கூண்டை உடைத்து ஆற்றில் போடு. கூண்டு நிறைய வேண்டுமானால் முதலில் அவள் சாக வேண்டும். அதை யோசித்தாயா? எத்தனை வருஷம் போட்டாலும் நான் இருந்துவிட்டு வருவேன். அவளால் திரும்பி வர முடியாது.

உன் அண்ணன்,
தாருங்

---

தஞ்சுங் ரெங்காஸ்,
செப்டம்பர் 19, இரவு

அன்புள்ள அண்ணா,

இன்று கொசுவலைக்கு வெளியே உட்கார்ந்து, விளக்கேற்றி எழுதுகிறேன். பலகைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

நீ சொன்னதை நான் செய்யவில்லை. தகரத்தை எடுத்து ஓடத்தில் வைத்தேன். பிறகு நீ இல்லாத உன் பாயைப் பார்த்தேன். தகரத்தை இறக்கிவிட்டேன். நேற்று விடியலில் மாமா துப்பாக்கியோடு போனார். மதியம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் வனக்காவலர்களிடம் ஓடினேன்.

இரண்டு காவலர்கள் நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். பொழுது சாயும் நேரம் மாமா எஞ்சினை அணைத்து, நம் துறையில் நிறுத்தாமல் எதிர்க்கரை ஓரமாக மிதந்து வந்தார். "அவன் படகு ரெட்டை எஞ்சின். நம்ம ஓட்டைப் படகு பிடிக்காது. போயிட்டான்" என்று மூத்தவர் தலையில் கை வைத்தார்.

"தொரத்தாதீங்க சார். நான் கூப்பிடுறேன்" என்றேன்.

தம்ளரோடு படித்துறை நுனிக்குப் போனேன். அதை உயர்த்திக் காட்டினேன். "மாமா! காப்பி போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க!"

"வாயில கொள்ளி வைக்க! இப்பவா கூப்புடுவ? அவசரமாப் போறேன் புள்ள!"

"சூடா இருக்கு மாமா. தொட்டுட்டாவது போங்க!"

என்னைத் திட்டிக்கொண்டே படகைத் திருப்பினார்.

காவலர்கள் விலங்கு மாட்டிய பிறகும் அவர் கண் தம்ளரில்தான் இருந்தது. "கொடு புள்ள, ஒரு விரல் தொட்டுக்கறேன்." நான் ஓரடி பின்னால் போனேன்.

"முந்தின குட்டிய வித்தது யாரு மாமா?"

"அதெல்லாம் அப்பறம் பேசலாம்…"

இன்னும் ஓரடி.

"நான்தான்டி! தாருங் அன்னிக்கு ஆத்துப்பக்கமே வரல. போதுமா? கொடு!"

காவலர் எழுதிக்கொண்டார். நான் காப்பியை ஆற்றில் கொட்டினேன். மாமா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இனிக்கிறது.

குட்டி உயிரோடு இருக்கிறது. கூண்டுக்குள் நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. நீ சீக்கிரம் வந்துவிடுவாய் என்று காவலர் சொன்னார். உன் பாயை வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை,
லமியாங்

---

செப்டம்பர் 27

லமியாங்குக்கு,

இன்று காலை என்னை விட்டுவிட்டார்கள். உன்னால்தான் வெளியே வந்தேன். அதை மறக்கமாட்டேன். வெடிச்சத்தத்துக்காக நீ காத்திருந்ததையும்.

மாமாவைச் சிறை வாசலில் பார்த்தேன். சோறு இறங்கவில்லையாம். படுத்தால் காலடியில் பாம்பு தெரிகிறதாம். எனக்கும் அது இனித்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் வனக்காவலர்கள் இண்டுவின் குட்டியை என் கையில் கொடுத்தார்கள்.

மேலாற்றுக் காப்பகத்துக்கு அதைக் கொண்டுபோக ஆள் கேட்டார்கள். நான் போகிறேன். என் சட்டையை விட்டு விரலை எடுக்க மறுக்கிறது. அது தானாக மரமேறிக் கூடு கட்டும்வரை அங்கேயே இருப்பேன். வருஷக்கணக்கில் ஆகுமாம். உன் பள்ளிச் செலவுக்கு ஹாய்ரியா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை படகு நம் படித்துறையைத் தாண்டித்தான் போகும். எதிர்க்கரை ஓரமாகப் போகச் சொல்வேன். நீ வெளியே நிற்காதே. நின்றாலும் காப்பி என்று கூப்பிட்டுவிடாதே.

கூப்பிட்டால் நான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

தாருங்